கூண்டுப் பறவையும் தீவுப் பறவையும்

அன்புள்ள ஐயா,

அழிந்துபோன பறக்காத பறவையான டோடோ பற்றிய கட்டுரையில், ‘மொரீஷியஸில் பகை இல்லாததால் அந்தப் புறா இனம் பறப்பதைக் கைவிட்டது, இறக்கையும் சிறுத்துப்போனது’ என்று எழுதியிருந்தீர்கள். பயன்படுத்தாத உறுப்பு தானாகச் சிறுத்துவிடுமா? பக்கத்து வீட்டில் பல தலைமுறையாகக் கூண்டிலேயே லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார்கள். குஞ்சுகளுக்கு இறக்கை முழுசாகத்தானே இருக்கிறது?

வாசகி, தேனி

அன்புள்ள வாசகிக்கு,

பிடித்துவிட்டீர்கள். பறவை ஏதோ முடிவெடுத்தது போல எழுதியது என் தவறு. நாமும்தான் எத்தனையோ தலைமுறையாகக் காது குத்துகிறோம். எந்தக் குழந்தையும் ஓட்டையோடு பிறப்பதில்லை.

நடப்பது வேறு. பசிபிக் கடலில் உள்ள கலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு சின்னத் தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்தன. மிஞ்சியதில் முக்கியமானது நெருஞ்சி. ஆமாம், நம்மூர் நெருஞ்சியின் நெருங்கிய உறவுதான். அந்த முள்காயை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைஃபிஞ்ச் என்ற இனத்தில் நூற்றுக்கு 85 செத்தன. தப்பியவற்றின் சராசரி அலகு பழைய சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். எந்தக் குருவியின் அலகும் வளர்ந்துவிடவில்லை. மெல்லிய அலகுக் குருவிகள்தான் அதிகம் செத்தன. அலகின் அளவு பெற்றோரிடமிருந்து வருவது என்பதால் அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்கும் அலகு தடித்திருந்தது. அப்புறம் 1983இல், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் மழை கொட்டித் தீர்த்தது, சின்ன விதைகள் குவிந்தன, நிலைமை சிறிய அலகுக் குருவிகளுக்குச் சாதகமாகத் திரும்பியது.

சரி, இறக்கைக்கு வருவோம். பறக்கும் தசை அதிகச் செலவு வைக்கும் சொத்து. பல பறவைகளில் உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நெஞ்சுத் தசைதான்; அதற்குச் சும்மா இருக்கும்போதும் தீனி போட வேண்டும். நரியோ கீரியோ இல்லாத தீவில் தசை கொஞ்சம் குறைவாகப் பிறந்த குஞ்சு சாவதில்லை. மிச்சமாகும் தீனியில் கூடுதலாக முட்டையும் இடலாம். தீவுப் பறவைகளில் பறக்கக் கூடியவற்றுக்கும் பறக்கும் தசை சிறுத்து, கால் நீண்டிருப்பதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது.

இதில் கானாங்கோழிக் குடும்பம்தான் முன்னால் நிற்கிறது. எத்தனையோ தீவுகளில் அது தனித்தனியாகப் பறக்காத இனமாகியிருக்கிறது. அதன் குஞ்சுக்குக் கால் சீக்கிரம் வளரும், இறக்கை கடைசியில்தான். அந்தக் கடைசிக் கட்டம் குறுகினாலே பறக்காத பறவை தயார். சீஷெல்ஸைச் சேர்ந்த அல்டாப்ரா பவளத்தீவில் இது இரண்டு முறை நடந்தது. மடகாஸ்கரிலிருந்து பறந்து வந்த கானாங்கோழி அங்கே பறக்காத இனமாகியது. சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன் தீவு கடலில் மூழ்க, அது அழிந்தது. தீவு மறுபடி தலைதூக்கியதும் அதே மடகாஸ்கர் இனம் மறுபடி வந்தது, மறுபடி பறக்காததாகியது. அந்தக் கோழி இன்றும் அங்கே நடந்து திரிகிறது. மூழ்குவதற்கு முந்தைய எலும்புகளையும் பிந்தைய எலும்புகளையும் ஒப்பிட்டு 2019இல் இதைச் சொன்னார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக் கூண்டிலோ தினை கிண்ணத்திலேயே வந்துவிடுகிறது. பெரிய தசை வைத்திருக்கும் பறவைக்கு அங்கே நஷ்டமே இல்லை; சிறிய தசைக்கு லாபமும் இல்லை. பிறகு எப்படி மாறும்?

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.