அம்மா ஏன் பேச்சை நிறுத்தினார்?

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் எங்கோ இருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அம்மா உறுதியாக நம்புகிறார். தினமும் இரவில் அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் சொல்வார். ஆதாரம் கேட்டால், உயிர் பிரியும்போது உடல் எடை 21 கிராம் குறைகிறதாம், அதுதான் ஆன்மாவாம். அது தப்பு என்று படித்துக் காட்டினேன். அதிலிருந்து நான் அறைக்குள் வந்தாலே பேச்சை நிறுத்திவிடுகிறார். ஆதாரம் இல்லாததை நம்பக்கூடாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, நீங்கள் அறைக்குள் வந்தாலே அம்மா பேச்சை நிறுத்திவிடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கணவரைப் பறிகொடுத்த பெண், சொந்த வீட்டில், பெற்ற பிள்ளைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். இது உங்களுக்கு உறைக்கவே இல்லையா?

21 கிராம் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். டங்கன் மெக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1907இல் வெளியிட்ட கணக்கு அது. சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரைக் கட்டிலோடு எடை போட்டார். அந்த எடை வந்தது ஒரே ஒருவரிடம். இரண்டு பேரின் அளவை அவரே தள்ளிவிட்டார்.

அதனால் உங்கள் அப்பா எங்கும் இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதா? இதயம் நின்று பிழைத்தவர்களில் சிலர், உடலை விட்டு மேலே மிதந்தபடி நடந்ததைப் பார்த்ததாகச் சொல்வதுண்டு. அதைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. மேலே மிதந்தபடி பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, உயரத்தில் பலகை அடித்துப் படங்கள் வைத்திருந்தார்கள். கண்டதையும் கேட்டதையும் தெளிவாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். இருவருக்குமே இதயம் நின்றது பலகை இல்லாத இடத்தில்! எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் தேவைப்படவே இல்லை. நீங்கள் விடாமல் எடைக்கல் கேட்டதால்தான், பாவம், கைக்குக் கிடைத்த 21 கிராமை எடுத்து நீட்டியிருக்கிறார். அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டீர்கள்.

ஆவியோடு பேசுவதாக ஏமாற்றியவர்களை அம்பலப்படுத்தியவர் மாயவித்தைக்காரர் ஹூடினி. அவர் 1926இல் இறந்தார். இருவரும் பேசிவைத்த ரகசியச் செய்தி வருமா என்று அவர் மனைவி பெஸ் பத்து வருடம் பார்த்தார். 1936இல், போதும் என்று தானே நிறுத்திக்கொண்டார். உங்களுக்கோ எட்டு மாதம் பொறுக்கவில்லை.

தாயின் துக்கத்தில் பிழை திருத்துவது பிள்ளையின் வேலை இல்லை. அவர் தனியாக அழாமல் பார்த்துக்கொள்வதுதான் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. உங்கள் அறிவுக்கும் வேலை இருக்கிறது. 'உங்கள் கணவரைப் பேசவைக்கிறேன்' என்று யாராவது பணம் கேட்டு வந்தால், அப்போது வாசலில் நின்று எத்தனை ஆதாரம் வேண்டுமானாலும் கேளுங்கள். அங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது.

இன்று இரவு அந்த அறைக்குப் போங்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, "சொல்லும்மா, நானும் கேட்கிறேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். உடனே பேசமாட்டார். நாலைந்து நாள் ஆகலாம், தினமும் போங்கள். "நீ நம்புகிறாயா?" என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். "எனக்குத் தெரியலம்மா" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தை "ஆனால்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.