மிச்சமிருக்கிற ரியூப்

வணக்கம் அக்கா,

எனக்கு 31 வயது, ஒட்டுசுட்டான் பக்கம். நாலு மாதத்துக்கு முன் ஏழாம் கிழமையில் வலது ரியூப்பில் (கருக்குழாயில்) கரு தங்கி வெடித்துவிட்டது. அவசரமாக வயிற்றை வெட்டி அந்த ரியூப்பை எடுத்தார்கள். இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். 2009 இல் போரில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) பட்டும் எனக்கு வயிற்றில் ஒரு ஒப்பரேசன் நடந்தது. ஒரு சின்னத் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. "பாதி வாய்ப்புப் போச்சு, இடப்பக்கம் முட்டை வாற மாதம் மட்டும்தான் இனிப் பார்க்கலாம்" என்று மாமி சொல்கிறா. எனக்கு இனிக் கரு தங்குமா? எவ்வளவு காலம் பொறுக்க வேணும்?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஏழு கிழமையில் போனாலும் பிள்ளை பிள்ளைதான். அந்தத் துக்கத்தை யாருக்காகவும் சுருக்க வேண்டியதில்லை.

மாமியின் கணக்குப் பிழை. ரியூப்பின் நுனி விரல்கள் மாதிரி விரிந்து, சூலகத்தின் மேல் அசைந்தசைந்து முட்டையை வாரி எடுக்கும். வலது சூலகத்தில் இருந்து விழும் முட்டை கருப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்துக்கு வந்தால், இடது ரியூப்பே அதையும் எடுத்துக்கொள்ளும். அதனால் எந்த மாதமும் வீண் மாதம் இல்லை. 2014 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இப்படிக் கரு தங்கிய ரியூப்பை முழுதாக எடுத்தவர்களையும், அதைக் கீறிக் கருவை மட்டும் எடுத்தவர்களையும் மூன்று வருடம் ஒப்பிட்டார்கள். இயல்பாகக் கரு தங்கி நிலைத்தது முதல் கூட்டத்தில் 100 க்கு 56, மற்றதில் 61. பெரிய வித்தியாசமில்லை.

ஆனால் அவர்கள் எல்லாருக்கும் மற்ற ரியூப் நல்லாக இருந்தது. எனவே போன ரியூப்பை விட்டுவிட்டு, இருக்கிற இடது ரியூப் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். 2009 காயத்தை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. வயிற்றுக்குள் ரத்தமும் கிருமியும் சேர்ந்து ஆறிய இடத்தில் நார் மாதிரி ஒட்டல்கள் உண்டாகும். அவை குடலையும் ரியூப்பையும் சேர்த்து ஒட்டி, ரியூப்பை மடக்கிவிடும். மடங்கின ரியூப்பில் கரு நடுவழியில் நிற்கலாம். வன்னியில் அந்த வருடம் வயிறு வெட்டித் தைத்த பிள்ளைகள் இன்றைக்குத் தாயாகும் வயதில் இருக்கிறார்கள். கிளினிக்கில் இதைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேணும்.

வயிற்றைத் திறந்த வைத்தியர் இடது ரியூப்பையும் பார்த்திருப்பார். வீட்டுக்குத் தந்த அட்டையில் பெரும்பாலும் "வலது ரியூப் அகற்றப்பட்டது" என்பதோடு முடிந்திருக்கும். ஒட்டல் இருந்ததா, இடது ரியூப் வீங்கியிருந்ததா என்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் உங்கள் நோயாளர் கோப்பான பி.எச்.ரி. யில், ஒப்பரேசன் குறிப்பில் இருக்கும். அட்டையோடு போய், வி.ஓ.ஜி. (மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்) கிளினிக்கில் அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயே உங்கள் ரத்த வகையையும் பாருங்கள். நெகட்டிவ் என்றால், அடுத்த பிள்ளையின் ரத்தத்தை உங்கள் உடம்பு தாக்காமல் தடுக்கும் அன்ரி-டி ஊசியை 72 மணித்தியாலத்துக்குள் போட்டிருக்க வேணும். போடவில்லை என்றால் அடுத்த கருவுக்கு முன் வைத்தியரிடம் சொல்லியாக வேணும்.

குறிப்பில் இடது பக்கம் சுத்தம் என்று இருந்தால் ஆறு மாதம் இயல்பாக முயற்சி செய்யலாம். ஒட்டல் என்று இருந்தால் முதலில் எச்.எஸ்.ஜி. எடுப்பது நல்லது. மாதவிடாய் நின்ற பிறகு, முட்டை வெளிவர முன், கருப்பை வாய் வழியாகச் சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்றே அது. அந்த மாதவிடாய் தொடங்கியதில் இருந்து உறவு வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்கு முன் வலிக்குளிசை எடுங்கள். சாயமும் உலோகமும் படத்தில் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். ஆகவே துண்டு இருப்பதை முதலே சொன்னால், சாயம் விட முன் ஒரு படம் எடுத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. என்று யாராவது எழுதினாலும் துண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், காந்தம் அதை அசைக்கக்கூடும். இன்னொன்று, பயத்திலும் வலியிலும் ரியூப்பின் வாய் இறுகி, திறந்த ரியூப்பும் அடைத்தது மாதிரித் தெரிவதுண்டு. ஒரு படத்தோடு மனம் உடைய வேண்டாம்.

பொறுக்கும் காலம் உங்களுக்கு முடிந்துவிட்டது. ஒப்பரேசன் மட்டும் என்றால் இரண்டு மாதவிடாய் போதும். கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெதோட்ரெக்சேட் ஊசியும் போட்டிருந்தால்தான் கடைசி ஊசியில் இருந்து மூன்று மாதம். ஆனால் ஒரு பை ரத்தம் ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 கிராம்தான் ஏற்றும். ஆகவே அதைச் சோதித்துப் பாருங்கள். 12 க்குக் குறைவு என்றால் ஐயன் (இரும்புச்சத்து) குளிசையை வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். பிளேன்டீ இரண்டு மணித்தியாலம் தள்ளித்தான். அளவு சரியானதும் நிறுத்தாமல் இன்னும் மூன்று மாதம் எடுத்தால்தான் உடம்பில் சேமிப்பு நிரம்பும். ஃபோலிக் அமிலத்தை இன்றைக்கே தொடங்குங்கள். நாளுக்குக் குறைந்தது 400 மைக்ரோகிராம் வேணும், குடும்பநல மாதுவிடம் கேட்கலாம். மாமி தரும் சரக்குக் கறி சாப்பாடாக நல்லது. என்ன கலந்தது என்று தெரியாத செந்தூரமும் உருண்டையும் வேண்டாம்.

நாள் பார்த்து அலைய வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும். அவருடைய விந்துப் பரிசோதனையையும் இப்போதே செய்யுங்கள். முன் 2 முதல் 7 நாள் இடைவெளி வேணும். மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போக வேணும், ஆகவே வீட்டில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகாமல் அங்கேயே கொடுப்பது நல்லது.

கரு மறுபடி ரியூப்பில் தங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 100 க்கு 10. மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு கோடு தெரிந்ததும் பதிவு கிளினிக் நாளுக்குக் காத்திராமல், கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து ஆறாம் கிழமையில் கீழ்வழி ஸ்கான் எடுங்கள். கருப்பைக்குள் பை தெரியாவிட்டால் 48 மணித்தியால இடைவெளியில் இரண்டு தரம் ரத்தத்தில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹோர்மோனைப் பார்ப்பார்கள். ஒரு பக்க அடிவயிற்று வலி, கறுத்த கசிவு, தலைச்சுற்று, தோள்மூட்டின் நுனியில் வலி என்று ஒன்று வந்தாலும் வாகனம் பிடிக்க அலையாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். தோளில் வலிப்பது, வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைச் சீண்டுவதால். "வாய்வு" என்று கசாயம் குடித்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

பி.எச்.ரி. யில் இடது ரியூப்பைப் பற்றி எழுதியிருப்பதை அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள்.