கல்லீரலுக்கு சிடி ஸ்கேன்: ஒரு ரேடியாலஜி டாக்டரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு நாளைக் காலை கல்லீரலை மூன்று முறை படமெடுக்கும் 'டிரிபிள் ஃபேஸ்' சிடி. வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். தண்ணீர்கூடக் கூடாதா?

பதில்: சாப்பாட்டை நான்கு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கான்ட்ராஸ்ட், அதாவது படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியே ஏற்றும் அயோடின் மருந்து, ஏறும்போது சிலருக்குக் குமட்டும், அதனால்தான். தண்ணீருக்குப் பொதுவாகத் தடை இல்லை, ஆனாலும் ஸ்கேன் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் படங்களையும் கொண்டுவாருங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான். 'இரண்டு வருடமாக அதே அளவில் இருக்கிறது' என்று எங்களால் எழுத முடிந்தால் பாதிக் கவலை அங்கேயே தீரும்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறேன். நிறுத்தணுமா?

பதில்: சிறுநீரகத்தைப் பொறுத்தது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் அளவு 30-க்குக் கீழே இருந்தால் ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவு பார்த்துத் தொடர்வார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. இன்சுலின் போடுபவர்கள்தான் வெறும் வயிற்றோடு கவனமாக இருக்க வேண்டும். அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், முடிந்தால் காலை முதல் நேரமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். அயோடின் மருந்து ஆகுமா?

பதில்: இறாலில் ஒத்துக்கொள்ளாதது அதன் புரதம், அயோடின் அல்ல. இந்தக் கதை எங்கள் துறைக்குள்ளேயே இன்னும் உலவுகிறது! முன்பு இதே கான்ட்ராஸ்ட் போட்டு மூச்சுத் திணறலோ தடிப்போ வந்திருந்தால் அதுதான் விஷயம். ஊசிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரே கல்லீரலை ஏன் மூன்று முறை படம் எடுக்கிறார்கள்? கதிர்வீச்சு ஏறாதா?

பதில்: ஏறும். வயிற்றை ஒருமுறை எடுத்தாலே சுமார் 8 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஓர் ஆண்டில் நமக்கு வருவதே இரண்டு, மூன்றுதான். ஆகவே காரணம் இல்லாமல் எடுக்க மாட்டோம்.

காரணம் கல்லீரலின் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. தமனி தருவது மீதிக் கால் பங்கு. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்க் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில்தான் வளரும். அதனால் ஊசி போட்டு 35 விநாடி போல ஆனதும் கட்டி பளிச்சென்று தெரியும், சுற்றியுள்ள கல்லீரல் இன்னும் மங்கலாக இருக்கும். 70 விநாடிக்குக் கல்லீரல் முழுக்க மருந்து நிறைந்துவிடும். அப்புறம் மூன்று, ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் கட்டி மருந்தை விட்டுவிட்டு, சுற்றிலும் உள்ளதைவிடக் கறுத்துப்போயிருக்கும். ரிப்போர்ட்டில் 'வாஷ்அவுட்' என்று வருவது இதுதான். ஹெமாஞ்சியோமா என்ற சாதுவான ரத்தக்குழாய்க் கட்டி நேர் எதிர். ஓரத்தில் ஆரம்பித்து மெல்ல நடுவரை நிரம்பும், மருந்தைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கேள்வி: ஊசி போட்டதும் உடம்பெல்லாம் சூடாகி, சிறுநீர் போய்விட்டது போலவே இருந்தது. வெட்கமாகிவிட்டது.

பதில்: யாருக்கும் போயிருக்காது. அந்தச் சூடும் வாயில் உலோகச் சுவையும் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தப்பு. பதற்றத்தில் மூச்சை விட்டால் கல்லீரல் நகர்ந்து படம் கலங்கிவிடும்.

கேள்வி: 'ஹைப்போடென்ஸ் லீஷன், 4 மிமீ, டூ ஸ்மால் டு கேரக்டரைஸ்' என்று போட்டிருக்கிறது. கேன்சரா சார்?

பதில்: கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது, இன்னதென்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. அவ்வளவுதான் அதன் பொருள். வேறெங்கும் புற்றுநோயோ நாள்பட்ட கல்லீரல் நோயோ இல்லாதவருக்கு இது பெரும்பாலும் நீர்க்கட்டிதான். அந்த நோய்கள் இருந்தால் மறுபடி பார்க்கவோ எம்ஆர்ஐ எடுக்கவோ சொல்வார்கள். அந்த வரலாறு ஸ்கேன் கேட்ட டாக்டருக்குத்தான் தெரியும், ரிப்போர்ட்டோடு அவரைப் பாருங்கள்.