உப்பு பூத்து அரித்துப்போன பேட்டரி டெர்மினலை வீட்டிலேயே மாற்றலாமா, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டுமா?

தாராளமாக மாற்றலாம். கேள்வியில் "வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது, சில நாள் செல்ஃப் எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக யாரோ ஒருவர் "பேட்டரி போச்சு, புதுசு போட்டுடுங்க" என்று சொல்லியிருப்பார். அந்த வார்த்தையை நம்பிப் பணத்தை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கும் அதேதான் சொன்னார்கள். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும், டேஷ்போர்டு விளக்குகள் மங்கும், வண்டி அசையாது. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். பணிமனையில் பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார்கள், அவ்வளவுதான். பேட்டரி முடிந்துவிட்டது என்று தீர்ப்பு. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அளந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் நான் மறுபேச்சு பேசியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை எடுத்து நானே அளந்தேன். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு போஸ்டிலும், அதாவது மேலே துருத்தி நிற்கும் ஈயத் தண்டுகளில், நேராக முனையை வைத்தால் 12.5 வோல்ட். முழு சார்ஜில் 12.6 இருக்கும் என்பதால் இது நல்ல அளவு. ஆனால் வோல்ட்டேஜ் மட்டும் பார்த்துப் பேட்டரி நல்லது என்று முடிவு கட்ட முடியாது, லோடு வரும்போது படுத்துவிடும் பேட்டரிகளும் உண்டு. அதனால் அடுத்த சோதனையையும் செய்தேன். மீட்டரின் ஒரு முனை பாசிட்டிவ் போஸ்டில், இன்னொரு முனை அதே போஸ்டைப் பிடித்திருக்கும் டெர்மினலில். தம்பியை உட்கார வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவே ஒன்றுமே காட்டக் கூடாது, போனால் 0.1 வோல்ட். என் மீட்டர் 3 வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரி கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, டெர்மினல்தான் நடுவில் மறித்துக்கொண்டிருந்தது.

கணக்கு எளிதானது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்ற 150 ஆம்பியர் வரை, சில வண்டிகளில் அதற்கு மேலும் இழுக்கும். அந்த ஓட்டத்தில் ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் சில ஆம்பியர் போதும் என்பதால் அவை நன்றாகவே வேலை செய்யும். "லைட் எரியுது, அப்போ கனெக்ஷன் சரிதான்" என்று சொல்வது அதனால்தான் தவறு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், கேள்வி கேட்டது நான். பணிமனைக்காரர் பதில் சொன்னது முழுக்க என் தம்பியைப் பார்த்து, "சார், பேட்டரி மாத்திடலாம் சார்" என்று. அவனுக்கு கார் ஓட்டவே தெரியாது. உதிரிபாகம் வாங்கப் போனாலும், இன்சூரன்சுக்கு போன் பண்ணினாலும் இதே கதைதான், "வீட்ல யாராவது ஆம்பளைங்க இருந்தா குடுங்கம்மா" என்பார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பெண் கேட்டால் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை, தெரியும். ஆனால் நான் ஸ்பேனரைக் கையில் எடுத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், அந்தப் பொடியில் அமிலம் கலந்திருக்கும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது, சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜனை வெளியே விடும். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், அப்புறம்தான் பாசிட்டிவ். மாட்டும்போது தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். அதைக் கழற்றாமல் பாசிட்டிவில் ஸ்பேனர் போட்டால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட நொடியில் ஷார்ட் ஆகிவிடும். பல கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் போதும். டெர்மினல் வர மறுத்தால் சுத்தியால் தட்டாதீர்கள், போஸ்ட் உள்ளே ஆட்டம் கண்டால் அப்போது நிஜமாகவே பேட்டரி போய்விடும். வாயை லேசாக விரித்து, இடமும் வலமுமாகத் திருகித் தூக்கினால் வரும்.

எனக்கு அது வெளியே வந்தபோதுதான் உள்பக்கம் தெரிந்தது. போஸ்டைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய வளையம் முழுக்கக் கருஞ்சாம்பல் படலம், அதன் விளிம்பில் நீலமும் பச்சையுமாகக் களிம்பு. வெள்ளை என்பது பெரும்பாலும் ஈய சல்பேட், நீலப்பச்சை என்பது செம்பு அமிலத்தோடு சேர்ந்து உண்டாகும் செம்பு சல்பேட். ஒரு கப் தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றினேன். அமிலம் இருந்த இடமெல்லாம் நுரைத்துப் பொங்கியது. பொங்குவது நிற்கும்வரை ஊற்றி, பிறகு சுத்தமான தண்ணீரில் கழுவினேன். இந்தக் கரைசல் பேட்டரி மூடித் துளை வழியாக உள்ளே போகக் கூடாது, போனால் உள்ளிருக்கும் அமிலத்தையே கெடுத்துவிடும். குளிர்பானம் ஊற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். களிம்பு கரையும்தான், ஆனால் அதுவே ஒரு அமிலம், சர்க்கரைப் பிசுக்கு வேறு தங்கும்.

வெறும் பூப்பு மட்டும் என்றால் வயர் பிரஷால் ஈயம் வெள்ளிபோல மின்னும்வரை தேய்த்து அதையே திரும்ப மாட்டலாம், புதிது வேண்டாம். என் டெர்மினலின் வாய் அரித்து மெலிந்து, போல்ட் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்கவில்லை. அதனால் மாற்றினேன். கேபிளின் தோலை உரித்தபோது உள்ளே செம்பு இழைகள் கறுத்து, விரலால் மடித்தால் ஒடிந்தன. இதைப் பார்க்காமல் புது டெர்மினலை மாட்டிப் பிரயோஜனமே இல்லை. சிவந்த செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கேபிள் எட்டாத அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தால் கேபிளையே மாற்றிவிடுவது நல்லது.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். பாசிட்டிவ் போஸ்ட் எப்போதும் நெகட்டிவை விடத் தடிமன். சாதாரண வகையில் மேல்முனை 17.5 மில்லிமீட்டரும் 15.9 மில்லிமீட்டரும் இருக்கும், ஜப்பானிய மெல்லிய போஸ்ட் வகையில் 14.7-உம் 13-உம். இரண்டு போல்ட்டும் ஒரு பட்டையும் வைத்துக் கேபிளை அழுத்திப் பிடிக்கும் டெர்மினல்தான் எளிது. அது தற்காலிகம்தான் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். நியாயம்தான், வெளியே தெரியும் செம்பில் மறுபடி அமிலம் ஏறும், கிரிம்ப் செய்தது, அதாவது கருவியால் நசுக்கிக் கேபிளோடு இறுக்கியதுதான் உறுதி. முறையான கிரிம்ப் கருவி உள்ளவர்கள் அதையே செய்யட்டும். பட்டை வகை என்றால் செம்பை மறைத்து ஹீட் ஷ்ரிங்க் டியூப், அதாவது சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய், போட்டுவிடுங்கள். இறுக்கிய பிறகு டெர்மினல் கையால் திருப்பினால் அசையக் கூடாது. வாசலைனை அதன் பிறகுதான் மேலே பூச வேண்டும்.

"ஆபத்தான விஷயத்தை எல்லோருக்கும் சொல்லித்தரலாமா" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. எல்லா வண்டிக்கும் நான் சொல்லவில்லை. நெகட்டிவ் டெர்மினலோடு சின்னப் பெட்டி போல பேட்டரி சென்சார் சேர்ந்திருந்தாலோ, பாசிட்டிவ் டெர்மினல்மேலேயே பியூஸ் தொகுதி உட்கார்ந்திருந்தாலோ அதை வெட்டாதீர்கள், அந்த மாடலுக்கான பாகத்தைத்தான் போட வேண்டும். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கமே கை போகக் கூடாது. பழைய கார் ரேடியோவைத் திறக்க ரகசிய எண் (code) இருந்தால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் அதே வோல்ட் சோதனையை இரண்டு பக்கமும் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வந்தால் சரி. 15-ஐத் தாண்டினால் ஓவர்சார்ஜ், அப்படியென்றால் பூப்பு சீக்கிரமே திரும்பும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் திணறினால், நெகட்டிவ் கேபிள் மறுமுனையில் பாடியோடு சேரும் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். டெர்மினலில் பூத்ததைத் தேய்ப்பவர்கள்கூட அந்த இடத்தைத் தொடுவதில்லை.