பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு புவி இயற்பியல்: எங்கே, எப்படி?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். அப்ளைடு ஜியோபிசிக்ஸில் (பயன்பாட்டுப் புவி இயற்பியல்) எம்.எஸ்சி. சேர ஆசை. அப்பா பி.எட். போதும் என்கிறார். அண்ணனோ, "தேங்காயைக் கையில வச்சு நீரோட்டம் பாக்கப் போறியாட்டி?" என்று கேலி செய்கிறான். ஜியாலஜி (நிலவியல்) எடுக்கலாமா, ஜியோபிசிக்ஸா? எங்கே படிப்பது? வேலை கிடைக்குமா?

பதில்: ஜியாலஜியா ஜியோபிசிக்ஸா என்ற குழப்பமே உங்களுக்கு வேண்டாம். எம்.எஸ்சி. ஜியாலஜிக்குப் பெரும்பாலான இடங்களில் பி.எஸ்சி. ஜியாலஜிதான் கேட்பார்கள். ஜியோபிசிக்ஸுக்கு இயற்பியலும் கணிதமும் போதும். உங்களுக்கு எது தோது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

மும்பை, காரக்பூர், தன்பாத் ஐஐடிகளில் இந்தப் படிப்பு உண்டு. சேர்க்கை 'ஜாம்' என்ற அகில இந்திய எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு வழியாக. அதில் ஜியோபிசிக்ஸுக்கென்று தனித்தாள் கிடையாது. எந்தத் தாளை ஏற்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் நம் ஊர் மாணவர்கள் கோட்டை விடுகிற இடம் வேறு. இளங்கலையில் கணிதம் எத்தனை செமஸ்டர் படித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு நிபந்தனை இருக்கும். நம் கல்லூரிகள் பலவற்றில் அலைடு (துணைப்பாட) கணிதம் இரண்டு செமஸ்டரோடு முடிந்துவிடுகிறது. மார்க் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்த நிபந்தனை உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள், தயாரிப்பெல்லாம் அப்புறம். விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில்.

ஐஐடி கிடைக்காவிட்டால் குடி முழுகிப் போகாது. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) மரைன் ஜியோபிசிக்ஸ் இருக்கிறது. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் ஒரு பகல் பயணம்கூட இல்லை. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகமும் ஹைதராபாத்தில் உஸ்மானியாவும் இந்தத் துறையில் பழைய கைகள். ஹைதராபாத்துக்கு இன்னொரு வசதி, தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் அங்கேயே இருப்பது. பக்கத்திலேயே வேண்டுமென்றால், அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் புவித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. நேரில் போய் இந்த ஆண்டு என்னென்ன படிப்பு நடக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எங்கே சேர்ந்தாலும் சீனியர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இரண்டு வருடத்தில் எத்தனை நாள் கருவியோடு வெளியே போனீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம். இந்தப் படிப்பு களத்தில்தான் மண்டையில் ஏறும்.

நிலத்தடி நீருக்கான மின்தடை ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கம்பிகளை ஒரே கோட்டில் அடிப்பார்கள். வெளியே உள்ள இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டுக்கு நடுவே மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க, இன்னும் ஆழத்திலிருந்து தகவல் வரும். கேட்க எளிதுதான். அறுபது எழுபது மீட்டர் ஆழம் பார்க்கவே தரையில் இருநூறு மீட்டருக்கு மேல் நேர்கோடு வேண்டும். நம் ஊரில் அதற்கு எங்கே போக? ஒரு விளை (தோட்டம்) முடியும் முன்பே மதில், அடுத்து ரப்பர், அப்புறம் குளம். கோடையில் வெட்டுக்கல் தரை காய்ந்து கிடந்தால் மின்சாரம் உள்ளே இறங்காது, கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிதையாத சார்னோகைட் பாறை வந்தால் மின்தடை எகிறும். ஈரமுள்ள சிதைவுப் படலமோ, நீர் நிறைந்த பிளவோ வந்தால் இறங்கும். ஆனால் குளச்சல் மாதிரிக் கடலோரத்தில் மின்தடை மிகக் குறைவாக வந்தால் அது உப்புநீரா, வெறும் களிமண்ணா என்று கருவி சொல்லாது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தீர்ப்பைச் சொல்லத்தான் இரண்டு வருடப் படிப்பு. உங்கள் அண்ணனின் தேங்காய் இந்த வேலைக்கு உதவாது.

நீர் ஒரு பக்கம்தான். மணவாளக்குறிச்சி கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் கண்டறிந்தார். அதிலுள்ள கதிர்வீசும் தோரியத்தால் அந்த மணலைக் காமாக் கதிர் அளந்தே தேடலாம். அதுவும் ஜியோபிசிக்ஸ்தான். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்தமுள் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்தத் தென்கோடி வழியாகப் போவதால்தான் இங்கே வைத்தார்கள். கல்லூரி வழியாகக் கடிதம் கொடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், இது உங்களுக்கு ஒத்துவருமா என்பது ஓரளவு பிடிபடும்.

வேலை விஷயத்தில் ஆசை காட்ட மாட்டேன். பெரிய வாசல், யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதில்தான் ஆள் எடுக்கிறார்கள். ஜியோபிசிசிஸ்ட் பணியிடங்கள் குறைவு, போட்டியும் சின்னதல்ல. பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வான கேட் தேர்வில் ஜியாலஜியும் ஜியோபிசிக்ஸும் சேர்ந்த தாள் ஒன்று உண்டு. அந்த மதிப்பெண்ணை வைத்து அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி சில ஆண்டுகளில் ஆள் எடுத்திருக்கிறது. தனியார் பக்கம் எண்ணெய் விலை விழுந்தால் வேலையும் விழும். களப்பணி என்றால் மாதக்கணக்கில் கேம்ப். பெண்களும் போகிறார்கள், ஆனால் வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். அந்த யுபிஎஸ்சி ஜியோபிசிசிஸ்ட் பதவிக்குச் சாதாரண எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம், எம்.எஸ்சி. ஜியாலஜி மட்டும் படித்தவரால் முடியாது. அதனால் நல்ல இடத்தில் ஜியோபிசிக்ஸ் கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால், களமே காட்டாத ஒரு கல்லூரியில் பெயருக்காகச் சேர்வதைவிட நாகர்கோவிலிலேயே எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பது மேல். அதற்குப் பிறகும் பி.எட். போகலாம், அப்பாவுக்கும் சம்மதமாக இருக்கும். அப்படிப் படித்தால் கேட் பாடத்திட்டத்திலுள்ள ஜியோபிசிக்ஸ் பகுதியை முதல் செமஸ்டரிலிருந்தே சொந்தமாகப் படித்து வர வேண்டும், ஏனென்றால் இயற்பியல் வகுப்பில் அதை யாரும் நடத்த மாட்டார்கள்.