தம்பி முகாமுக்குப் போகுமுன் எந்தச் செயலி?

கேள்வி: என் தம்பிக்கு வயது 20. இராணுவப் பயிற்சிக்குத் தெரிவாகி அடுத்த மாதம் முகாமுக்குப் போகிறான். சின்ன ஏச்சுக்கும் படபடத்துப் போகிற பிள்ளை. 'பீ.டீ.எஸ்.டீ. கோச்' என்ற செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தால் மனம் உறுதியாகும் என்கிறார்கள். உண்மையா?
வாசகி, கல்லடி

பதில்: நல்ல செயலிதான் தங்கச்சி, ஆனால் உங்கள் தம்பிக்கு உரியது அல்ல. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் திணைக்களம் 2011இல் வெளியிட்டது அது. போர், விபத்து, வன்முறை போன்றவற்றில் சிக்கி, அந்த நினைவு விடாமல் துரத்துகிறவர்களுக்காகச் செய்தார்கள்; அந்த மனநோய்க்குத்தான் பீ.டீ.எஸ்.டீ. என்று பெயர். இன்னும் முகாம் வாசலையே மிதிக்காத பையன் அதிலுள்ள அறிகுறிக் கேள்விகளுக்கு விடை போட உட்கார்ந்தால் இல்லாத பயம்தான் வரும்.

மனஉறுதிப் பயிற்சிகளில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கவும் வேண்டாம். பிரித்தானியப் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அப்படியொரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. சொல்லும்படியான பயன் தெரியவில்லை. அதோடு, பயிற்சிக் காலத்தில் போன் பெரும்பாலும் கையில் இருக்காது. ஆகவே இந்த ஒரு மாதத்தில், போன் இல்லாமலும் செய்யக்கூடிய ஒன்றை அவர் உடம்பில் ஏற்றிவிட வேண்டும்.

அதற்குச் செயலியே தேவையில்லை. உங்கள் குரலிலேயே ஐந்து நிமிட ஒலிப்பதிவு செய்து கொடுங்கள்: நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை உள்ளே இழு, ஆறு எண்ணும்வரை மெல்ல விடு. ஒரு எண்ணிக்கைக்கு ஒரு செக்கன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, மொத்தம் முப்பது. காலையில் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. முதல் இரண்டு வாரம் பதிவைக் கேட்டபடி செய்யட்டும், பிறகு பதிவில்லாமல். கடைசி வாரத்தில் கல்லடிக் கடற்கரை மணலில் மூச்சு வாங்க ஓடிவிட்டு, நின்ற இடத்திலேயே, கண்ணைத் திறந்தபடி செய்யச் சொல்லுங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பாயில் படுத்துக்கொண்டு மட்டும் பழகிய மூச்சு, முகத்துக்கு நேரே ஒருவர் கத்தும்போது கைகொடுக்காது.

தலை சுற்றினால், விரல் விறைத்தால், தேவைக்கு மேல் இழுக்கிறார் என்று அர்த்தம். இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருவது அது. ஆழம் வேண்டாம், மெதுவாக இருந்தால் போதும். வெளியே விடும் மூச்சுத்தான் முக்கியம்.

படபடப்புக்கு இன்னொரு காரணத்தை யாரும் மனநலக் கணக்கில் சேர்ப்பதில்லை: மொழி. அணிநடைக் கட்டளைகள் சிங்களத்தில் வரும். விளங்காமல் அரை செக்கன் பிந்தினால் ஏச்சு, ஏச்சால் பதற்றம், பதற்றத்தில் அடுத்த கட்டளையும் பிழைக்கும். தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு அந்தக் கட்டளைகளைப் போனில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் உடம்பை அசைத்துப் பழகினால், எந்தச் செயலியையும்விட அது அவரைக் காப்பாற்றும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பிறகும் ஏதாவது செயலி வேண்டுமென்று நின்றால், இருப்பிடம், தொடர்பு இலக்கங்கள், மைக் ஆகிய அனுமதிகளை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். மனநிலைக் குறிப்பில் முகாமின் பெயரோ பயிற்சி நேரமோ எழுதக் கூடாது. ஓடுபவர்கள் பயன்படுத்தும் 'ஸ்ட்ராவா' செயலியின் வரைபடத்தில் பல நாட்டு இராணுவ முகாம்களின் ஓடுபாதைகள் வெளிச்சமாய்த் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. யாரும் வேண்டுமென்று காட்டிக்கொடுக்கவில்லை, போன் தானாகவே செய்த வேலை.

அவர் வீட்டுக்குப் பேசக் கிடைக்கும் சில நிமிடங்களை வீணாக்காதீர்கள். "கஷ்டமென்றால் வந்துவிடு" என்றும் வேண்டாம், "ஆம்பிளைப் பிள்ளை, தாங்கு" என்றும் வேண்டாம். நித்திரை வருகிறதா, சாப்பிட முடிகிறதா, கூட்டாளி யாராவது சேர்ந்தாரா? இந்த மூன்றையும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். முதல் வாரங்களில் அழுவது வழமை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் கெட்டு, யாரோடும் சேராமல் இருந்தால் எம்.ஐ. றூமில், அதாவது முகாமின் மருத்துவ அறையில், வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்கும். அதையும் உங்கள் இலக்கத்தையும் தாளில் எழுதி அவருடைய பேர்ஸில் வையுங்கள்.

சாவைப் பற்றிப் பேசினால் சுற்றி வளைக்காமல், "செத்துப் போகலாம் என்று நினைக்கிறாயா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால், அவர் ஆயுதம் இருக்கும் இடத்தில் இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்: யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினாலும் அன்றைக்கே முகாம் பொறுப்பதிகாரிக்கு அறிவியுங்கள். விடுமுறையில் வீட்டில் இருக்கும்போதென்றால், தனியே விடாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.