மனசுக்கு மருந்து குடிக்கிறவங்க உடம்ப யாரு பாக்குறது? கேள்வி பதில்

வணக்கம். ஹட்டன் பக்கம் மனநல கிளினிக்ல 14 வருஷமா தாதியா இருக்கேன். மனசுக்கு மருந்து குடிக்கிறவங்க, குடிய விடப் பாக்குறவங்க, இவங்களோட உடம்பப் பத்தி கேளுங்கன்னு சொன்னேன், நிறைய வந்துருச்சு, முடிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

தலவாக்கலையில இருந்து ஒரு தங்கச்சி: தம்பிக்கு மனநோய்க்கு ஒலான்சபின் மாத்திரை குடுத்து எட்டு மாசம், 11 கிலோ கூடிட்டான், ராத்திரி நாலு தடவ எழும்பி ஒண்ணுக்குப் போறான், தண்ணி தண்ணின்னு கேக்குறான். மாத்திரைய நிப்பாட்டவா?

நிப்பாட்டாதீங்க தங்கச்சி, ஆனா நாளைக்கே ரத்தத்துல சீனி பாருங்க, கிளினிக் தேதி வரட்டும்னு இருக்க வேணாம். அந்த மாத்திரை பசியக் கிளப்பும், சீனிய ஏத்தும். இப்புடி மாத்திரை தொடங்குறப்பவே நிறை, இடுப்பு சுத்தளவு, பிரஷர், சீனி, கொழுப்பு எழுதி வைக்கணும், மூணாம் மாசம் திரும்ப, அப்புறம் வருஷா வருஷம். இடுப்பு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டுனா கவனம், தையல் டேப் போதும். தேத்தண்ணியையும் பாருங்க, லயத்துல ஒரு நாளைக்கு ஆறு பிளேன்டீ, ஒவ்வொண்ணுலயும் மூணு கரண்டி சீனின்னா நீங்களே கணக்குப் போடுங்க. சீனி கூடியிருந்தா டொக்டர் வேற மாத்திரைக்கு மெதுவா மாத்தலாம்.

மஸ்கெலியா, ஒரு தம்பி: அப்பா தினம் கசிப்பு (கள்ளச் சாராயம்) குடிக்கிறாரு. இந்த ஞாயித்துக்கிழமையோட ஒரேடியா நிறுத்துறேன்னு சொல்லி, ரூம்ல வச்சு பூட்டச் சொல்றாரு.

பூட்டாதீங்க தம்பி! தினம் நிறைய குடிக்கிறவரு திடீர்னு நிறுத்துனா ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் மூணாம் நாளுல இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், வேர்த்துக் கொட்டலாம், உசுரே போகலாம், இத "பேய் புடிச்சிருச்சு"ன்னு கோயிலுக்கு கூட்டிட்டுப் போனவங்கள நானே பாத்திருக்கேன். ஆஸ்பத்திரியில வார்ட்ல வச்சு மருந்தோட இறக்கணும், விட்டமின் பி1 ஊசியும் குடுக்கணும், இல்லேன்னா மூளைக்கு அடி விழலாம். கை நடுங்கி ஆளு தடுமாறுனா 1990 ஆம்புலன்ஸுக்கு கோல் பண்ணுங்க, தோட்டத்து லொறி வர்ற வரைக்கும் நிக்காதீங்க.

பண்டாரவளை, ஒரு அக்கா: மனநிலை ரொம்ப ஏறி இறங்குறதுக்கு எனக்கு லித்தியம் மாத்திரை. கொழுந்து எடுத்து இடுப்பு ஒடியுது, கடையில டைக்ளோஃபெனக் வலி மாத்திரை வாங்கிப் போடுறேன்.

ஐயோ அக்கா, அதையும் இபுபுரூஃபனையும் விட்டுருங்க, லித்தியத்த ரத்தத்துல ஏத்திரும். வலிக்கு பனடோல் போதும். வாந்தி, வயித்தோட்டம், கை நடுக்கம், நடை தள்ளாட்டம்னா அண்டைக்கே போங்க. ரத்தத்துல லித்தியம் எவ்வளவுன்னு பாக்க கடைசி மாத்திரை போட்டு 12 மணித்தியாலம் கழிச்சுத்தான் ரத்தம் குடுக்கணும். கிட்னி, தைரொய்ட் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்.

பதுளை, ஒரு அண்ணன்: மாமா மனநோய்க்கு குளோசபின் மாத்திரை குடிக்கிறாரு. சிகரட்ட விட்டா நல்லதுதானே?

ரொம்ப நல்லது அண்ணே, ஆனா கிளினிக்ல சொல்லிட்டு விடச் சொல்லுங்க. சிகரட் புகை குளோசபின சீக்கிரம் கரைச்சு வெளிய தள்ளும், விட்டதும் அதே டோஸ் ரத்தத்துல கூடிப் போகும், தூங்கித் தூங்கி விழுவாரு, டோஸ குறைக்க வேண்டி வரலாம். காய்ச்சல், தொண்டை வலின்னா அண்டைக்கே ரத்தத்துல வெள்ளை அணு பாக்கணும்.

கொட்டகலை, பேர் சொல்ல வேணாம்: வயித்து வலின்னு ஓபிடிக்கு போனா கிளினிக் புக்க பாத்ததும் "மனசுதான் காரணம்"னு அனுப்புறாங்க.

இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற கேள்வி. கடுமையான மனநோய் உள்ளவங்க மத்தவங்கள விட 10ல இருந்து 20 வருஷம் முன்னுக்கே போறாங்க, அதுலயும் நிறையப் பேரு போறது இருதயம், சீனி மாதிரி உடம்பு நோயாலதான். எங்க கிளினிக்ல குளோசபின் குடிச்ச ஒருத்தர், வயிறு உப்பி ஓபிடிக்கு போனாரு, கேஸ்ட்ரைடிஸ்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. மூணாம் நாள் குடல்ல ஒரு துண்ட வெட்டி எடுத்தாங்க. அந்த மருந்து குடல மந்தமாக்கும், சில நேரம் அடைச்சே போடும். அவங்கள மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், "மலம் ஒழுங்கா போகுதா"ன்னு நானும் அஞ்சு மாசமா கேக்கல, வெக்கப்பட்டு விட்டுட்டேன். அடுத்த தடவ போறப்ப வலி எப்ப தொடங்குச்சு, எங்க, கடைசியா எப்ப மலம் போச்சுன்னு ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க, வீட்டுல ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. வயித்துல கை வச்சுப் பாக்காம அனுப்புனா "கை வச்சுப் பாருங்க சேர்"னு கேளுங்க, தப்பில்ல.

இராகலை: சீனி பாக்க காசு வேணுமா?

வேணாம். 35 வயசு தாண்டுனா அரசாங்க ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்ல இலவசம், வயசு குறைவுன்னா கிளினிக்லயே கேளுங்க. மனசு சம்பந்தமா ராத்திரி பகல்னு பாக்காம 1926க்கு கோல் பண்ணுங்க.

மிச்சத்த நைட் டியூட்டி முடிஞ்சு எழுதுறேன்.